வாய் தெரியும் படங்கள்

இராஜபாளையம் முடங்கியார் ரோட்டில் எனக்கு டி.வி. ரிப்பேர் கடை. செல்போனும் பார்ப்பேன். பெயர் மாரிச்சாமி. போனில் சத்தம் வரவில்லை என்று யாராவது நீட்டினால், கையில் வாங்கியதுமே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன் என்கிற திமிர் எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. அதை உடைத்தவர் சுந்தரம்மாள்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு பெண் தன் அம்மாவின் போனைக் கொண்டுவந்தார். வாட்ஸ்அப் வீடியோவில் சத்தமே வரவில்லை என்றார். போட்டுப் பார்த்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், கேமராவை நேருக்கு நேராகப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து திறந்து மூன்று நிமிடம் என்னவோ பேசுகிறார். மூச்சு சத்தம்கூட இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றி மாற்றினேன். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினேன். மற்ற வீடியோக்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறுகின்றன, இந்த அம்மாள் மட்டும் ஊமைப் படமாக ஓடுகிறார். அரை நாள் அதிலேயே போயிற்று.

மறுநாள் போனுக்குச் சொந்தக்காரரான கிருபாபாய் என்ற அம்மாளே கடைக்கு வந்தார். என்னைப் பாவமாகப் பார்த்து, "அது அப்படித்தான்யா. அவ சத்தம் போடாமத்தான் பேசுவா. எங்களுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வீடியோவில் பேசிய சுந்தரம்மாள் இங்கே ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் ஆறே மாதத்தில் கத்துவதை விட்டுவிடுவார்கள். நாலு மெஷின் தள்ளி நிற்கிறவளிடம் வாயை மட்டும் அசைத்து, என்ன குழம்பு வைத்தாய் என்பதில் ஆரம்பித்து மேஸ்திரியின் நடத்தை வரை பேசி முடித்துவிடுவார்கள். இருபது முப்பது வருடத்தில் பலருக்குக் காது போய்விடும். வாயைப் படிக்கிற பழக்கம் மட்டும் போகாது.

அப்படி ஓய்வு பெற்ற பதினான்கு பேருக்கு, வீட்டில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த பழைய படங்களைச் சொல்வதுதான் சுந்தரம்மாள் செய்து வந்த வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அவராக எடுத்துக்கொண்டது. சனிக்கிழமைதோறும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில், நான் பார்த்த மாதிரி ஒரு ஊமை வீடியோவில், ஒரு படம். இப்போது வருகிற படங்களை அவர் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை. "இருட்டுல நின்னு முதுகைக் காட்டிப் பேசுதான். மூஞ்சியைக் காட்டுனா தாடி. கண்ணு சிமிட்டுறதுக்குள்ள ஆளை மாத்திருதான். இதுல நான் எதைப் படிக்க?" என்று என்னிடமே சண்டைக்கு வருவார், படம் எடுத்தது நான்தான் என்பது போல.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் அப்படி இல்லை. நாடகத்தில் இருந்து வந்த நடிகர்கள். வெளிச்சத்தில் நின்று, முகத்தை நேராகக் காட்டி, ஒரு எழுத்தை விழுங்காமல் பேசுவார்கள். மீசைகூட மெல்லிசாக, உதட்டை மறைக்காமல் இருக்கும். எத்தனையோ பெரியவர்கள் பழைய படங்களை ஆகா ஓகோ என்று எழுதியிருக்கிறார்கள். சுந்தரம்மாள் அளவுக்குக் காரணத்தோடு பாராட்டியவர் ஒருவரும் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டார். பெயரைக் கேட்டதும் பார்த்தாச்சு என்று தள்ளிவிடுவார்களாம். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே பட்டுச்சேலைய மாத்தி மாத்திக் கட்டுற படம்" என்பார். "ரயில்வே கேட்காரர் பொண்ணு வக்கீலுக்குப் படிக்கிற படம்" என்பார். நான்தான் தேடிப் பிடித்து அவரவர் டி.வி.யில் வரும்படி செய்து கொடுக்க வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்கவே முடியாது. கதைக்காக ஒரு தடவை, வாய்க்காக ஒரு தடவை என்று இரண்டு முறை தானே பார்க்காமல் ஒரு படத்தைச் சொல்ல மாட்டார். நாலு வருடத்தில் ஒரே ஒரு முறை அந்த ஒழுங்கு தவறியது. அதற்குக் காரணமும் நான்தான்.

போன ஆனி மாதம் அவர் டி.வி.யை ரிப்பேருக்கு வாங்கி வந்து, பார்ட்டு வரவில்லை என்று பத்து நாள் போட்டு வைத்துவிட்டேன். சனிக்கிழமை வந்துவிட்டது. வாக்குத் தவறக் கூடாது என்று, காது நன்றாகக் கேட்ட காலத்தில் தியேட்டரில் பார்த்த ஒரு படத்தை நினைவில் இருந்து சொல்லிவிட்டார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்புகிற தகப்பன் கதை. அது தெலுங்கில் எடுத்துத் தமிழில் குரல் மட்டும் கொடுத்த படம் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.

குழுவில் ஒரே புகார். வாய் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம், ஒன்றுமே புரியவில்லை என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். வெங்கடேஸ்வரி ஒருவர் மட்டும், அருமையான படம், ஊறுகாய் ஜாடிக் கட்டத்தில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தில் ஊறுகாயே கிடையாது. சுந்தரம்மாளுக்கு அது மண்டையைக் குடைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி இராஜபாளையம் வந்துவிட்டார்.

வெங்கடேஸ்வரி அவருக்கு மூன்று வயது மூத்தவர். மில்லில் பக்கத்துப் பக்கத்து மெஷின். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். மகன் நவநீதகிருஷ்ணன் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மருமகள் இந்துவும் வேலைக்குப் போகிறவர்.

மகன் வாசலிலேயே சுந்தரம்மாளை நிறுத்திக் குரலைத் தாழ்த்திப் பேசினாராம். குரலைத் தாழ்த்தினால் என்ன, உயர்த்தினால் என்ன, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார் மகன். கூப்பிட்டால் சில நேரம் பதில் சொல்கிறார், சில நேரம் சுவர் மாதிரி இருக்கிறார். மூன்று தடவை குக்கர் அடிப்பிடித்துக் கருகிவிட்டது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் டி.வி.யில் தகப்பன் மகளை வழியனுப்பி அழுகிறான், வீடே கண்ணைத் துடைக்கிறது, இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஏன் என்று கேட்டால் ஊறுகாய் என்கிறார். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை கொடுக்கிறோம். இரண்டு பேரும் வேலைக்குப் போனால் தனியாக விட முடியாது. அதனால் அங்கேயே ஒரு இல்லத்தில் சேர்க்கப் போகிறோம், அம்மாவுக்குச் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம் சித்தி என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

சுந்தரம்மாளுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. வெங்கடேஸ்வரி படித்தது திரையில் இருந்த வாயை. அந்த வாய் தெலுங்கு பேசியது. மூலப் படத்தில் அந்தத் தகப்பன் அழுகையை மறைக்க ஊறுகாய் ஜாடியைப் பற்றி உளறியிருக்கிறான். தமிழில் குரல் கொடுத்தவர்கள் அதை எடுத்துவிட்டுக் கண்ணீர் வசனம் வைத்துவிட்டார்கள். வீட்டில் மற்றவர்கள் கேட்டது ஒரு படம், அவர் பார்த்தது வேறு படம்.

வெங்கடேஸ்வரிக்கு முற்றிலும் காது கேட்காது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மில்லில் வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை நடக்கும். காது போன பெண்களை மெஷினை விட்டு எடுத்துக் கழிவுப் பஞ்சு பொறுக்க அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில் வெங்கடேஸ்வரி டாக்டரின் வாயைப் படித்தே பதில் சொல்லித் தப்பித்து வந்தார். வேலை போன பிறகும் அந்த வேஷம் கலையவில்லை. எதிரே நின்று பேசினால் பதில் வரும். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் வராது. அதைத்தான் அவர்கள் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுந்தரம்மாள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அப்போது மகனின் தோளுக்குப் பின்னால், அடுப்படி வாசலில் வெங்கடேஸ்வரி வந்து நின்றார். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, சொல்லாதே என்றார். மகன் திரும்பிப் பார்ப்பதற்குள் வாயை மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானம் மாடியில் துணி காயப்போடும்போது தோழிகள் இருவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு சத்தம் கேட்டிருக்காது. சொல்லித் தொலையேன் யக்கா என்று சுந்தரம்மாள் கெஞ்சினார். வெங்கடேஸ்வரி அதற்குச் சொன்ன பதிலை அவர் என்னிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. "கிறுக்குன்னா பாவம் பாப்பாக. செவிடுன்னா சிரிப்பாக. எனக்குப் பாவமே போதும்."

இல்லத்து விஷயத்தைச் சொல்ல சுந்தரம்மாளுக்கு மனம் வரவில்லை. நேராக என் கடைக்கு வந்தார். "ஏலே மாரிச்சாமி, தப்புப் பண்ணது நானு. டி.வி.ய பத்து நாளு போட்டு வச்சது நீ. ரெண்டு பேருமாச் சேந்து இதைச் சரி பண்ணாம நான் உன்னைய விட மாட்டேன்" என்றார். நான் தட்டிப் பேசவில்லை. பேசினாலும் அவர் என் வாயைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் முடிந்தது.

என்னால் ஆனதைப் பார்த்தேன். அந்தப் படத்தின் தெலுங்கு மூலம் கிடைத்தால் ஒரு நிமிடத்தில் நிரூபித்துவிடலாம். வாரக்கணக்கில் இணையத்தில் தேடினேன். பாட்டுகள் மட்டும் கிடந்தன, படம் எங்கேயும் இல்லை. நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது. இல்லத்தில் சேர்க்க நாள் குறித்தாயிற்று என்று நவநீதகிருஷ்ணனே கடைப் பக்கம் வந்தபோது சொன்னார். இன்னும் ஐந்து நாள்.

சுந்தரம்மாள் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். செவிடு என்ற சொல்லை நான் எடுக்க மாட்டேன், நீ படத்தைப் பார்த்து வாயைப் படித்துக் காட்டு, அது போதும் என்று வெங்கடேஸ்வரியைச் சம்மதிக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் போனோம். உங்க அம்மா சிரிச்சதுக்குக் காரணம் இருக்கு, செத்த நேரம் உட்காருங்க என்று மகனையும் மருமகளையும் உட்கார வைத்தார். முதலில் அந்தத் தகப்பன் படத்தையே போட்டேன். சத்தத்தை அணைத்துவிட்டு, வாயைப் பாருங்கள், தெலுங்கு தெரிகிறதா என்று கேட்டோம். நவநீதகிருஷ்ணன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். வாய் அசைகிறது, எனக்கு வேறொன்றும் தெரியவில்லையே என்றார். பழக்கம் இல்லாதவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்து அந்தப் பட்டுச்சேலைப் படத்தைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டேன். வெங்கடேஸ்வரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்காள் பேசுவதை அக்காள் மாதிரி, தங்கை பேசுவதைத் தங்கை மாதிரி, ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சரி பார்த்தேன். எனக்குப் புல்லரித்தது. சுந்தரம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

நவநீதகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். "அம்மா இதை அம்பது தடவை பாத்திருக்காங்க சித்தி. மனப்பாடமாச் சொல்றாங்க. டாக்டரும் இதைத்தான் சொன்னாரு. பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும், நேத்து நடந்ததுதான் மறந்து போகும்னு."

அவர் கெட்டவர் இல்லை.  ஆனால் அவர் வாயில் அதைப் படித்ததும் வெங்கடேஸ்வரியின் முகம் மாறிய விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முப்பது வருடம் அந்தக் கூடத்தில் நின்று கற்ற வித்தையை, பெற்ற பிள்ளை நோய் என்று சொல்லிவிட்டான். சுந்தரம்மாளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா தன் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குத் திடீரென்று செய்திச் சேனல் ஞாபகம் வந்தது. நேரலையில் வாசிப்பதை யாரும் மனப்பாடம் செய்ய முடியாதே என்று ரிமோட்டை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து இந்துவுக்குப் போன் வந்தது. எழுந்து பின்வாசல் கதவைச் சாத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அடுப்படி ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் வெயிலில் நின்று பேசுவது தெரிந்தது. எங்களுக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

நான் சேனலை மாற்றப் போனேன். வெங்கடேஸ்வரி வேண்டாம் என்று கையமர்த்தினார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு, சற்று முன் சினிமா வசனம் சொன்ன அதே குரலில், அவசரப்படாமல் சொல்ல ஆரம்பித்தார்.

"'இருபத்தெட்டாம் தேதி காலையில கூட்டிட்டு வந்துருதோம் சார்'ங்கா. 'இல்ல, அவங்களுக்குத் தெரியாது. திருப்பதிக்குப் போறதாத்தான் சொல்லி வச்சிருக்கோம்'ங்கா. 'துணி நாலு செட்டு போதுமா'ன்னு கேக்கா."

நவநீதகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார். வெங்கடேஸ்வரி நிறுத்தவில்லை.

"'வேலைக்காரங்க அடிக்க மாட்டாங்கல்ல'ன்னு கேக்கா. இப்ப அழுதா. 'எங்களுக்கும் மனசு கேக்கலை சார், வேற வழி தெரியலை'ங்கா."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இந்து உண்மையிலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் கதவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா, உனக்கு எப்படி என்று தெலுங்கில் கேட்டார். வெங்கடேஸ்வரி எங்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே பதில் சொன்னார்.

"ஆடியில இருந்தே தெரியும்யா. நீங்க ரெண்டு பேரும் மாடிப்படியில நின்னு பேசுனதை இங்க உக்காந்து பாத்தேன். போயிருவோம், புள்ளைக்குத் தொந்தரவு குறையட்டும்னுதான் இருந்தேன். இப்பச் சொல்லுதேன் கேட்டுக்கோ. எனக்குக் காது கேக்காது. இருபத்தாறு வருசமாக் கேக்காது. உங்க அப்பாவுக்கே தெரியாது. விசிலு கேக்காமத்தான் குக்கர் தீஞ்சுது. எனக்குப் போனது காது. புத்தி போகலை. நான் திருப்பதிக்கும் வரலை, மதுரைக்கும் வரலை. இந்த வீட்டுலதான் இருப்பேன்."

செவிடு என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று அவ்வளவு பயந்தாரே, அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. நவநீதகிருஷ்ணன் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து என்னவோ சொன்னார். குரல் எழும்பவில்லை, வாய் மட்டும்தான் அசைந்தது. பக்கத்திலேயே நின்றும் எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. தோழிகள் இருவருக்கும் புரிந்தது. சுந்தரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

வெங்கடேஸ்வரி மகன் தலையில் கை வைத்தார்.

"சரி, விடு. மொதல்ல அவளை உள்ள கூப்புடு. வெயில்ல நிக்கா பாரு."